பென்சில் கட்டையில் கோபால்ட் இருக்கிறதா?

8 மார்ச் 2025. வந்த கேள்வி

ரீசார்ஜபிள் பென்சில் கட்டை (AA பேட்டரி) நாலு வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "கோபால்ட் எல்லாம் லித்தியம் பேட்டரியில்தான், இதில் கிடையாது." இரண்டு, "மாதம் ஒருமுறை சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் மெமரி பிடித்துவிடும்." இரண்டும் சரியா அண்ணா?

8 மார்ச், இரவு 11.20

இரண்டும் தப்பு. வேடிக்கை என்னவென்றால், முதலாவது தப்பு என்பதால்தான் இரண்டாவதும் தப்பு. நாளைக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கிறது. முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

10 மார்ச்

யார் நீ சொல்வதற்கு என்று கேட்பீர்கள். இருபது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஒரு ஃப்ளாஷுக்கு நாலு கட்டை, இரண்டு ஃப்ளாஷ், மாற்றுக்கு ஒரு செட் என்று எப்போதும் பதினாறு கட்டையோடு அலைகிறவன். மாமாவின் ஸ்டூடியோவில் உட்காருவதற்கு முன் படித்தது பி.எஸ்சி. வேதியியல். அந்தப் படிப்பு எனக்குப் பயன்பட்ட ஒரே இடம் இந்தக் கட்டைகள்தான்.

ரீசார்ஜபிள் பென்சில் கட்டை என்றால் அநேகமாக நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுங்காரம். அந்தக் கணக்கில் இதுவும் ஆல்கலைன் சாதிதான். மேலே ஆல்கலைன் என்று எழுதி விற்கிற 1.5 வோல்ட் கட்டை துத்தநாகமும் மாங்கனீசும் சேர்ந்தது. அதைச் சார்ஜரில் போட்டுவிடாதீர்கள்.

இதில் பாசிட்டிவ் பக்கம் இருப்பது நிக்கல் ஹைட்ராக்சைடு. பச்சைப் பொடி. கணக்குப்படி ஒரு கிராமுக்கு 289 எம்ஏஎச் (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கான அளவு) கொள்ளும். கொள்ளுமே தவிர, மின்சாரத்தைக் கடத்துவதில் படுமந்தம். குதிர் நிறைய நெல் இருக்கிறது, அள்ளுவதற்கு வாசல் இல்லை என்கிற கதை. ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையான நிக்கல் உலோகத்துக்குள் இந்தப் பொடியை அப்பி வைக்கிறார்கள். ஆனாலும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மணிகள்தான் வேலை செய்யும். நடுவில் மாட்டிய மணிகள் சும்மா கிடக்கும்.

இங்கேதான் கோபால்ட் வருகிறது. நூற்றுக்கு ஐந்து என்கிற மாதிரி அளவில் கோபால்ட் ஆக்சைடோ ஹைட்ராக்சைடோ கலப்பார்கள். அது காரத்தில் கொஞ்சம் கரையும், மணிகளுக்கு நடுவே பரவும். தொழிற்சாலையில் முதல் சார்ஜ் ஏற்றும்போது, நிக்கல் மாறுவதற்கு முன்பே கோபால்ட் முந்திக்கொண்டு ஆக்ஸிஹைட்ராக்சைடாக மாறிவிடும். அது நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு நிக்கல் மணியையும் சுற்றி ஒரு மெல்லிய தோல், தோலோடு தோல் ஒட்டி ஒரு வலை. கட்டைக்குள்ளேயே வயரிங் பண்ணிவிட்ட மாதிரி. ஜப்பானில் யுவாசா நிறுவனத்தின் ஓஷிடானி குழு 1989இல் இதை விவரமாக எழுதிவிட்டது. இன்று 2000 எம்ஏஎச் என்று கட்டையில் போடுகிறார்கள் என்றால் அதில் இந்த வயரிங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தத் தோல் ஒருமுறை உண்டானால் சாதாரணப் புழக்கத்தில் அப்படியே நிற்கும். ஒரு கட்டையின் வோல்டேஜை சுமார் 1 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டே போனால்தான் ஆபத்து. நிக்கலில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றதும் தோலிலேயே கை வைக்கும். கோபால்ட் பழையபடி இரண்டு இணைதிறனுக்கு இறங்கும், காரத்தில் கரையும், போன இடத்தில் படியும். திரும்ப சார்ஜ் ஏற்றினால் பழைய வலை அதே இடத்தில் வராது. "சுத்தமாக இறக்குங்கள்" என்பவர் உங்கள் வயரிங்கைப் பிடுங்கச் சொல்கிறார்.

10 மார்ச், மாலை

கரைகிறது என்றால் கண்ணால் பார்த்தாயா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டைக்குள் பார்க்கவில்லை, சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடம், சால்ட் அனாலிசிஸ். ரோஸ் நிறக் கோபால்ட் உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டினால் முதலில் நீலமாகத் திரியும். ரெமி மாஸ்டர் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றால் அது மெல்ல ரோஸாகிவிடும். எனக்கு எப்போதும் அவர் வருவதற்குள் மாறிவிடும், "எங்கேடா நீலம்" என்று திட்டு. அப்படியே திறந்து வைத்தால் காற்று பட்டுப் பழுப்பாகும். அந்தப் பழுப்புதான் கிட்டத்தட்ட நான் மேலே சொன்ன தோல். காரம் மிகக் கடுமையாக இருந்தால் படிவு கரைந்து கரைசலே நீலமாகிவிடும். கட்டைக்குள் இருக்கும் காரம் கடுமையானதுதான்.

கேமரா பையில் போடுகிற சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸாவதும் கோபால்ட் குளோரைடின் வேலை. ஆகக் கோபால்ட் என் பையில் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது, ஒன்று ஈரத்தைச் சொல்ல, ஒன்று வெளிச்சம் அடிக்க.

11 மார்ச்

"ரெமி மாஸ்டர்" யார் என்று மூன்று பேர். டெமான்ஸ்ட்ரேட்டரைத்தான் எழுதினேன், போன் திருத்திவிட்டது. இருக்கட்டும், பெயர் நன்றாக இருக்கிறது.

13 மார்ச்

சொந்த அனுபவம் இல்லாமல் இவ்வளவு வேகமாகப் பேசுவேனா? 2011. எனக்கும் ஒருவர் அதே மந்திரத்தைச் சொன்னார், சுத்தமாக இறக்கு என்று. நான் கொஞ்சம் கைவேலைக்காரன். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஹோல்டரில் எட்டுக் கட்டையை வரிசையாகப் போட்டு, முனையில் ஸ்கூட்டர் பல்பைக் கட்டிவிட்டு, இறங்கட்டும் என்று படுத்துவிட்டேன். காலையில் பல்பு அணைந்திருந்தது. கட்டைகளை எடுத்துச் சார்ஜரில் போட்டேன். இரண்டை அது கட்டையாகவே மதிக்கவில்லை. ஆறு ஏறியது. அந்த இரண்டுக்குப் பதில் வேறு இரண்டு சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் நாலரை மணி முகூர்த்தம். ஊஞ்சல், மாலை மாற்றுவது வரை ஒன்றும் தெரியவில்லை. ஃப்ளாஷ் அடித்ததும் உள்ளே "ஙீ" என்று ஒரு சத்தம் எழும்பும், பழகிய காதுக்கு அது எப்போது முடியும் என்று தெரியும். அன்றைக்கு அந்தச் சத்தம் நீண்டுகொண்டே போனது. நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறுகிறது, மாப்பிள்ளை கையைக் கொண்டுபோகிறார், அட்சதை பறக்கிறது, என் ஃப்ளாஷின் சிவப்பு விளக்கு வரவில்லை. பட்டனை அழுத்தினேன். ஹோமப் புகையும் டியூப் லைட்டுமாக இருட்டில் ஒரு படம். மூன்று முடிச்சில் ஒன்றுக்குத்தான் வெளிச்சம். பெண்ணின் சித்தப்பா ஆல்பம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மிச்சப் பணத்தை மட்டும் ஆடி வரை இழுத்தார்.

அன்று என் கோபால்ட் கரைந்தது. அவ்வளவுதான் கதை.

14 மார்ச்

மெமரியே கிடையாதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, நிக்காடில் (பழைய நிக்கல்-காட்மியம் கட்டை)தான் பேர் வாங்கியது, இதிலும் கொஞ்சம் வரும். பாதி மட்டும் செலவழித்து ஏற்றிக்கொண்டே இருந்தால் வோல்டேஜ் சற்று தொங்கும். அதற்கு மருந்து, ஒவ்வொரு கட்டையாகத் தனித்தனியே 1 வோல்ட் வரை இறக்கி ஏற்றுவது. நல்ல சார்ஜரில் அதற்கென்றே பட்டன் உண்டு, 0.9 பக்கத்தில் அதுவே நின்றுவிடும். பல்பு நிற்காது. பல்புக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது.

19 மார்ச்

13ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு பெரிய ஓட்டை. "அன்று என் கோபால்ட் கரைந்தது" என்று அடித்துவிட்டேன். ஒரே ராத்திரியில் அப்படிக் கரையுமா? யோசித்தால் சரியாக வரவில்லை. அந்தத் தோல் அவ்வளவு லேசில் கழன்று போகிற சரக்கு இல்லை. பூஜ்ய வோல்ட்டில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்தால்தான் அந்தக் கரைசலும் இடமாற்றமும் வேலையைக் காட்டும். ஜப்பான்காரர்கள் இதையும் உணர்ந்து, கோபால்ட் பூசிய மணியைச் சோடியம் ஹைட்ராக்சைடும் ஆக்சிஜனும் சூடும் சேர்த்துப் பதப்படுத்தி இன்னும் கெட்டியாக்கினார்கள். அப்படிச் செய்த கட்டை ஓர் இரவுக்கு அசராது.

அன்றைக்கு நடந்தது வேறாக இருக்க வேண்டும். எட்டுக் கட்டையை வரிசையாகப் போட்டேன் இல்லையா, அதில் நோஞ்சான் ஒன்று முதலில் காலியாகும். மற்ற ஏழும் அதைவிட்டுவிடாமல் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும். நோஞ்சானின் வோல்டேஜ் தலைகீழாகும். உள்ளே பாசிட்டிவ் தகட்டில் ஹைட்ரஜன் கிளம்பும், அழுத்தம் ஏறி வால்வு திறந்தால் நீர் வெளியே போய்க் கட்டை உலர்ந்துவிடும். சார்ஜர் மதிக்காத அந்த இரண்டும் இந்தக் கேஸ் என்றுதான் இப்போது நினைக்கிறேன். மீதி ஆறும் சுமாராகத்தான் அடி வாங்கியிருக்கும். ஆனால் நான் அவசரத்தில் பழையதும் புதியதும் கலந்து ஃப்ளாஷில் போட்டேனே, அதுதான் முகூர்த்தத்தில் காலை வாரியது. கோபால்ட் மேல் பழி போட்டதை வாபஸ் வாங்குகிறேன். கடைக்காரர் மேல் போட்டதை வாங்கவில்லை.

19 மார்ச், சற்று நேரம் கழித்து

அப்படியானால் கோபால்ட் செத்த கட்டையை நான் பார்த்ததே இல்லையா? பார்த்திருக்கிறேன். கொரோனா வருடம். கல்யாணமே இல்லை. ஒரு ஃப்ளாஷை ஆன் பண்ணியபடியே அலமாரியில் வைத்திருக்கிறேன், நாலு கட்டையோடு, பதினாலு மாதம். எடுத்தபோது மல்டிமீட்டரில் நாலும் 0.0 அல்லது அதற்குப் பக்கம். சார்ஜர் மதிக்கவில்லை. நல்ல கட்டையோடு சில விநாடி பக்கவாட்டில் ஒட்டி உயிர் கொடுத்து ஏற்றினேன். 2000 போட்ட கட்டைகள்: 640, 710, 590, ஒன்று மட்டும் 1380. மூன்று முறை இறக்கி ஏற்றியும் பெரிதாகத் தேறவில்லை. சும்மா அளந்தால் 1.3 வோல்ட் என்று ராஜா மாதிரி நிற்கும், ஃப்ளாஷில் போட்டு இழுத்தால் ஆண்டி. பொடி இருக்கிறது, வயரிங் போய்விட்டது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான லட்சணம் எனக்குத் தெரியவில்லை. அந்த 1380 ஏன் தப்பியது என்று கேட்காதீர்கள், ஒரே பாக்கெட்டில் வாங்கியதுதான்.

22 மார்ச்

திருப்பூர் நண்பர் சரியாகப் பிடித்தார்: "பாசிட்டிவ் பக்கமே பேசுகிறீர்கள், நெகட்டிவ்வில் கோபால்ட் இல்லையா?" இருக்கிறது, பழைய கட்டைகளில் அங்கேதான் அதிகம். அது ஒரு நல்ல கதை.

1969. ஹாலந்தில் ஐந்தோவன் ஊர், பிலிப்ஸ் ஆய்வுக்கூடம். சமாரியம்-கோபால்ட் காந்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சமாரியம் ஒன்றுக்குக் கோபால்ட் ஐந்து. அந்தப் பொடி ஹைட்ரஜனைக் குடிக்கிறது, குடித்தால் காந்த குணம் மாறுகிறது என்று சைல்ஸ்ட்ராவும் வெஸ்டன்டார்ப்பும் எழுதினார்கள். காந்தக்காரனுக்கு அது தலைவலி. பக்கத்து மேஜைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். சமாரியத்தின் இடத்தில் லாந்தனம், கோபால்ட்டின் இடத்தில் நிக்கல் போட்டுப் பார்த்தால், லாந்தனம் ஒன்று நிக்கல் ஐந்து சேர்ந்த கலவை சாதாரண வெப்பத்திலேயே ஹைட்ரஜனைக் குடிக்கிறது, திரும்பக் கக்குகிறது. கட்டையின் நெகட்டிவ் தகட்டுக்கு வேண்டியதும் அதே குணம்தான்.

ஆனால் குடிக்கும்போது அது கனஅளவில் கால் பங்கு ஊதும். கக்கினால் சுருங்கும். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கிக் கல்லு பொடியாகும், புதுப் புது முகத்தைக் காரம் அரிக்கும். சில நூறு சுற்றில் தகடு காலி. 1984இல் அதே பிலிப்ஸில் வில்லம்ஸ் என்பவர் நிக்கலில் பாதியை எடுத்துவிட்டுக் கோபால்ட் போட்டார், லாந்தனத்தில் கொஞ்சம் நியோடிமியம், ஒரு சிட்டிகை சிலிக்கான். ஊதல் குறைந்தது, ஆயுள் வந்தது. விற்பனைக்கு ஏற்ற கட்டை அதற்கப்புறம்தான் சாத்தியமானது. பிறகு விலை கருதிக் கோபால்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பரவலாகப் புழங்கிய கலவையில் எடைக்குப் பத்து சதவீதம் பக்கம் கோபால்ட்.

அதாவது கோபால்ட்டை எடுத்துவிட்டு நிக்கல் போட்டதால் கதை ஆரம்பித்தது, நிக்கலை எடுத்துவிட்டுக் கோபால்ட் போட்டதால் கதை ஓடியது. மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பெண் மாதிரி.

23 மார்ச்

மேலே மாமியார் உவமை யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வீட்டில் இருப்பவர் உட்பட. விட்டுவிடுவோம்.

2 ஏப்ரல்

கடைக்காரர் ஏன் "கோபால்ட் இல்லை" என்பதை ஒரு நற்சான்றிதழ் மாதிரிச் சொன்னார்? செய்தி பார்த்திருப்பார். உலகத்தில் தோண்டி எடுக்கும் கோபால்ட்டில் பத்துக்கு ஏழு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, கொல்வேசி பக்கம். பெரும்பாலும் செம்பு தோண்டும்போது கூட வருவது. சின்னப் பையன்கள் கையால் தோண்டுகிற குழிகளும் அந்தப் பக்கம்தான். விலையும் பேய் ஆட்டம்: 2018 மார்ச்சில் டன்னுக்கு 95,000 டாலர் பக்கம் போய், அடுத்த வருடம் மூன்றில் ஒரு பங்குக்கு விழுந்தது. 2025 பிப்ரவரியில் விலை சரிந்துவிட்டது என்று காங்கோ ஏற்றுமதியையே நாலு மாதம் நிறுத்துவதாக அறிவித்தது.

பேய் என்றதும் நினைவு வருகிறது. கோபால்ட் என்ற பேரே குட்டிச்சாத்தானிலிருந்து வந்தது. ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் வெள்ளி என்று நினைத்து உருக்கினால் வெள்ளி வராது, ஆர்சனிக் புகைதான் வரும். கோபோல்ட் என்கிற குட்டிச்சாத்தான் வெள்ளியைத் திருடிவிட்டது என்றார்கள். 1730களில் ஸ்வீடன்காரர் கியோர்க் பிராண்ட் அதிலிருந்து தனி உலோகத்தைப் பிரித்தார், சாத்தான் பேர் ஒட்டிக்கொண்டது.

3 ஏப்ரல்

கோபால்ட் இல்லாத கட்டை வேண்டும் என்பவருக்கு: முழுக்க இல்லாமல் எனக்குத் தெரிந்து கடையில் கிடைப்பதில்லை, குறைவாக இருப்பது உண்டு. 2005இல் சான்யோ எனலூப் என்கிற கட்டையைக் கொண்டு வந்தபோது நெகட்டிவ்வில் மக்னீசியம் சேர்ந்த வேறு வகைக் கலவை போட்டார்கள், அதில் கோபால்ட்டைக் குறைக்க முடிந்தது. சும்மா வைத்திருந்தால் இறங்காது என்ற பேர் அதற்கு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. நெகட்டிவ்விலிருந்து கரைகிற கோபால்ட்டும் மாங்கனீசும் நடுவில் இருக்கும் துணியில் படிந்து, இரண்டு தகட்டுக்கும் இடையே மெல்லிய கள்ளத் தொடர்பு உண்டாக்கும். கட்டை படுத்துக்கிடக்கும்போதே வடிந்துபோக அதுவும் ஒரு காரணம். ஒரே உலோகம்தான். பாசிட்டிவ்வில் தோலாக இருந்தால் வயரிங், துணியில் படிந்தால் ஷார்ட்.

27 ஏப்ரல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், பொதுவில் பதில் சொன்னால் எல்லோருக்கும் ஆகும். "கோபால்ட்டையே நெகட்டிவ்வாக வைத்தால் என்ன?" வைத்திருக்கிறார்கள் தம்பி. கோபால்ட் உலோகம் ஹைட்ராக்சைடாக மாறும்போது அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான். கணக்குப் போட்டால் கிராமுக்கு 909 எம்ஏஎச். காட்மியம் 477தான். நிக்கல் தகட்டோடு சேர்த்தால் 1.2 வோல்ட் பக்கம் வரும், ஆக இருக்கிற டார்ச்சிலேயே போடலாம். சீனாவில் நிறையச் செய்தார்கள்: கோபால்ட்டோடு போரான், சிலிக்கான், பாஸ்பரஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, குண்டுகள் உருளும் ஆலையில் அரைத்து. கணக்கில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல நாளில் பாதி, அவ்வளவுதான் கையில் நின்றது.

எனக்கு அதில் பிடித்தது வேறு. முதலில் கோபால்ட்-போரான் கலவை ஹைட்ரஜனைக் குடிக்கிறது என்றுதான் எழுதினார்கள், லாந்தனம்-நிக்கல் பழக்கத்தில். அப்புறம் நுணுகிப் பார்த்தபோது ஹைட்ரஜன் இல்லை, கோபால்ட்டே ஹைட்ராக்சைடாகிறது, திரும்ப உலோகமாகிறது என்று தெரிந்தது. போரான் அதற்கு இடம் உண்டாக்கிக் கொடுத்த துணைப் பாத்திரம். மார்ச் 13ஆம் தேதி நான் அடித்த கூத்தைப் பெரிய ஆய்வுக்கூடங்களும் அடிக்கும் என்று ஒரு ஆறுதல்.

இந்த விலையில் அந்தக் கட்டை கடைக்கு வராது.

11 மே

வெயில். சார்ஜர் நிரம்பிவிட்டது என்று பச்சை காட்டுகிறது, கட்டை பாதிக்கு மேல் ஓடவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கட்டை கெடவில்லை. சூட்டில் நிக்கல் தகடு சார்ஜை வாங்குவதற்குப் பதில் ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும். இதைத் தள்ளிப் போடவும் நிக்கல் படிகத்துக்குள்ளேயே கொஞ்சம் கோபால்ட் வைக்கிறார்கள், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி அறையில் ஏற்றினால் அது என்ன செய்யும். நான் ராத்திரி கீழே தரையில், ஃபேனுக்கு நேராக வைத்து ஏற்றுகிறேன்.

25 மே

அந்தக் கொரோனா கட்டையில் 590ஐ இன்று அறுத்துப் பார்த்தேன். நீங்கள் செய்யாதீர்கள், காரம் கண்ணில் பட்டால் கண் போகும். கண்ணாடியும் ரப்பர் உறையும் போட்டு, முழுக்க இறங்கியதை உறுதி பண்ணிக்கொண்டு, குழாய் அறுக்கும் கருவியால் கழுத்தைச் சுற்றிக் கீறினேன். உள்ளே பாய் சுருட்டிய மாதிரி மூன்று அடுக்கு. ஒரு தகடு கறுப்பு, இன்னொன்றும் கறுப்பு, நடுவில் துணி. விரித்தபோது அநேகமாக உலர்ந்திருந்தது, கையுறையில் வழுவழுப்பு ஒட்டவே இல்லை. பாசிட்டிவ் தகட்டை மடக்கினால் கறுப்புப் பொடி உதிர்ந்து, பின்னால் நிக்கல் வலை பளபளத்தது. துணி வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில், இட்லித் துணியில் அடிப்பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக.

அந்தத் திட்டு கோபால்ட்தானா?

26 மே

உலர்ந்திருந்தது என்று நானே எழுதியிருக்கிறேன். அப்படியானால் 590க்குக் காரணம் வயரிங் மட்டும் இல்லை, தண்ணீரும் போயிருக்கிறது. மார்ச் 19ஆம் தேதி "இதைவிடப் பொருத்தமான லட்சணம் தெரியவில்லை" என்றதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

8 ஜூன்

போராக்ஸ் (வெங்காரம்) மணிச் சோதனை செய்து பார்த்துவிட்டேன். கல்லூரியில் பிளாட்டினம் கம்பி, என்னிடம் ஏது. பென்சில் முனைக் கரியைச் சூடாக்கி வெங்காரத்தில் தொட்டு உருக்கினால் சின்னக் கண்ணாடி மணி நிற்கும். பென்சில் கட்டைக்குப் பென்சில். துணியின் சாம்பல் திட்டை எரித்த சாம்பலில் மணியைத் தொட்டு, கேஸ் டார்ச்சில் காட்டினேன். கோபால்ட் என்றால் பாட்டில் நீலம் வர வேண்டும், துளி இருந்தாலே வரும்.

முதல் மணி அழுக்குப் பழுப்பு. நிக்கல் முந்திவிட்டது, அந்தத் தகட்டுப் பொடி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது அதே பழுப்பு. மூன்றாவதுக்குத் துணியை நன்றாகக் கழுவி எடுத்துச் செய்தேன். ஆறியதும் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஏதோ நீலம் மாதிரி. மனைவியிடம் காட்டினேன். "பச்சை" என்றாள். பையனைக் கூப்பிட்டேன், அவன் "கறுப்பு" என்றான்.

போட்டோ எடுத்துப் போடலாம் என்று மேக்ரோ லென்ஸை மாட்டினேன். ஃப்ளாஷில் கட்டை இறங்கியிருந்தது.